பிள்ளைகள் பேசட்டும், நாம் கேட்போம்

(யூபிலி ஆண்டில் நம் பங்கின் பெற்றோர் கூட்டத்தில், மறைக்கல்வி ஆசிரியர்கள் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



யூபிலி ஆண்டு வந்தால் கோயிலுக்கு வர்ணம் பூசுகிறோம், பணிபுரிந்த குருவானவர்களின் பெயர்களைக் கல்லில் பொறிக்கிறோம், மலர் வெளியிடுகிறோம். எல்லாம் நல்லதே. ஆனால் பங்கு என்பது கட்டடம் அன்று, குடும்பங்களின் கூட்டம். ஆகவே ஒரு மாலைப் பொழுதைக் குடும்பங்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டில் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. 1965-ஆம் ஆண்டில் கிறிஸ்தவக் கல்வியைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று சொன்னது. இதையெல்லாம் நாம் பிரசங்கங்களில் பலமுறை கேட்டாகிவிட்டது. அந்த இல்லத் திருச்சபைக்குள் காலை முதல் இரவு வரை என்ன பேச்சு நடக்கிறது என்பதை மட்டும் இன்று கொஞ்சம் உற்றுப் பார்ப்போம்.

காலையில், "ஏல, எந்திரி, மணி என்ன ஆகுது?" பிறகு, "பல்லு தேச்சியா? குளிச்சியா? சாப்பாடு எடுத்து வச்சியா?" மாலையில், "வீட்டுப்பாடம் முடிச்சியா? டெஸ்ட்டுல எத்தனை மார்க்கு?" இரவில், "ஏட்டி, போனைக் கீழ வை, படு." ஒரு நாளில் நாம் பிள்ளைகளிடம் சொல்லுகிற வார்த்தைகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டே வகைதான் இருக்கும். ஒன்று கட்டளை, மற்றொன்று விசாரணை. போலீஸ் ஸ்டேஷனில் நடப்பதும் கேள்வி பதில்தான். அதை யாரும் உரையாடல் என்று சொல்லுவதில்லை.

வள்ளுவர் மழலைச் சொல்லை இசைக் கருவிகளுக்கும் மேலாக வைத்தார். கல்யாண வீட்டு மேடைகளில் அந்தக் குறளைச் சொல்லாதவர் இல்லை. ஆனால் அதே மழலை ஒன்பதாம் வகுப்புக்கு வந்து, குரல் உடைந்து, நமக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லத் தொடங்கும்போது, "வாயை மூடு, எதிர்த்துப் பேசாத" என்கிறோம்.

இதற்குக் காரணம் அன்புக் குறைவு என்று எவரேனும் சொன்னால் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். நம் ஊர்ப் பெற்றோர் பிள்ளைகளுக்காகப் படுகிற பாடு நமக்குத் தெரியும். சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் காதில் கத்தினால்தான் கேட்கும். வீட்டை ஒட்டித் தறி போட்டிருக்கும் குடும்பங்களில், ஒருவருக்கொருவர் கத்திப் பேசுவதே பழக்கமாகிவிடுகிறது. தறி நின்ற பிறகும் அந்தக் குரல் இறங்குவதில்லை. அப்பா கோபத்தில் கத்துகிறாரா, சும்மாதான் கூப்பிடுகிறாரா என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் பிள்ளை விழிக்கும் முன்னே போய்விடுகிறார்கள். பீடி சுற்றும் தாய்மாருக்குக் கணக்கு முடிகிற வரை தட்டிலிருந்து கண் எடுக்க முடிவதில்லை. இன்னும் எத்தனையோ தகப்பன்மார் திருப்பூரிலும் கேரளத்திலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள்.

மற்றொரு காரணமும் உண்டு. அது கொஞ்சம் பழையது. 1970-களிலும் 1980-களிலும் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களுக்கு விடியும் முன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வரும். சிறு பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு அதில் ஏறிப் போவார்கள். கட்டை அடுக்கி, இருட்டிய பிறகு திரும்புவார்கள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது 1986-ஆம் ஆண்டில்தான். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகளை வேலைக்கு வைத்ததைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பைச் சொன்னது 1996-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில். அந்தப் பிள்ளைகள்தாம் இன்றைய தாத்தா ஆச்சிகள். சிலர் இன்றைய பெற்றோர்கள். அவர்களிடம் யாரும் உட்கார்ந்து, "உனக்கு என்ன பிடிக்கும், இன்றைக்கு என்ன நடந்தது" என்று கேட்டதில்லை. "எந்திரி, வண்டி வந்துட்டு" என்பதுதான் அவர்கள் கேட்டு வளர்ந்த பேச்சு. தான் பெறாத ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுப்பது எளிதல்ல. இருந்தும் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்களே, அதை இந்த யூபிலி ஆண்டில் நன்றியோடு நினைக்கிறோம்.

படிக்க வைத்ததில் ஒரு புதுச் சிக்கலும் வந்து சேர்ந்தது. பிள்ளை எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் அவன் புத்தகம் நமக்குப் புரிவதில்லை. அவன் கம்ப்யூட்டர் என்கிறான், கோடிங் என்கிறான். நமக்கு ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. அதை மறைக்க மார்க்கை மட்டும் கேட்கிறோம். எண் என்றால் நமக்கும் புரியுமே! அதற்குப் பதிலாக, "இது என்னதுல, எனக்குச் சொல்லு" என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்? தகப்பனுக்குத் தெரியாத ஒன்றைத் தகப்பனுக்கே சொல்லிக்கொடுக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அன்றைக்கு அவன் வேறு சில சங்கதிகளையும் சேர்த்துச் சொல்லிவிடுவான். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைச் செய்யலாம்.

இனி நற்செய்திக்கு வருவோம். லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் இயேசு காணாமல் போன நிகழ்ச்சி இருக்கிறது. சந்தோஷத் தேவ இரகசியங்களில் ஐந்தாவதாக அதைச் செபமாலையில் தியானிக்கிற நாம், அதைப் பெற்றோரின் கண்ணோடு ஒருமுறை பார்க்க வேண்டும்.

பாஸ்கா விழாவுக்கு எருசலேமில் கூடும் கூட்டம் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆடித்தபசு அன்று ரத வீதிகளைப் பார்த்தவர்கள் நாம். மைக்கில், "நீலச் சட்டை போட்ட சிறுவன் ஒருவன் காணாமல் போயிருக்கிறான்" என்ற அறிவிப்பைக் கேட்டதும், கையில் பிடித்திருக்கும் பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறோம். நாசரேத்துக்கும் எருசலேமுக்கும் ஏறக்குறைய நம் ஊருக்கும் மதுரைக்கும் உள்ள தூரம். நடந்தே போக வேண்டும். ஊரார் கூட்டம் கூட்டமாகத் திரும்புகிறார்கள். பிள்ளை கூட்டத்தில்தான் இருப்பான் என்று நினைத்தே மாதாவும் சூசையப்பரும் ஒரு நாள் வழி நடந்துவிடுகிறார்கள். திருக்குடும்பத்துக்கே இது நேர்ந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. பக்கத்தில்தான் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை எங்கோ இருக்கிறான். இன்றைக்கு அவன் வீட்டுக்குள்ளேயே, நம் அருகில், தலை குனிந்து போனைப் பார்த்துக்கொண்டு, நாம் அறியாத இடத்தில் இருக்கிறான். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2016-ஆம் ஆண்டில் குடும்பங்களுக்காக எழுதிய 'அன்பின் மகிழ்வு' என்ற மடலில் இதைத்தான் சுட்டிக்காட்டினார். பிள்ளை உடலளவில் எங்கே இருக்கிறான் என்று கண்காணிப்பதைவிட, அவன் உள்ளம் எங்கே இருக்கிறது என்று அறிவதுதான் பெரிது என்பது அவர் கருத்து.

மூன்று நாளுக்குப் பிறகு கோயிலில் மகனைக் கண்ட மாதா என்ன செய்தார்கள்? மூன்று நாள் அழுது அலைந்த தாய்க்கு எவ்வளவு கோபம் வந்திருக்க வேண்டும்! நம் வீடாக இருந்தால் முதலில் முதுகில் நாலு அடி விழுந்திருக்கும், பேச்சு பிறகுதான். மாதாவோ முதலில் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: ஏன் இப்படிச் செய்தாய் என்று. அடுத்து, தானும் தந்தையும் பட்ட வேதனையை மறைக்காமல் சொல்லுகிறார்கள். பிறகு பதிலைக் கேட்கிறார்கள். அந்தப் பதில் அவர்களுக்குப் புரியவில்லை என்று நற்செய்தியாளரே எழுதியிருக்கிறார். புரியாவிட்டாலும் தாய் அதைத் தூக்கி எறியவில்லை. தம் உள்ளத்தில் வைத்துக்கொண்டார்கள். மகனும் அவர்களோடு புறப்பட்டு நாசரேத்துக்குப் போய்ப் பணிந்து நடந்தார். புரியாத பிள்ளையோடும் ஒரே வீட்டில் அன்பாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எங்கே தேடுவது?

இதே நிகழ்ச்சியில் நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிற வேறு சிலரும் உண்டு. அவர்கள் கோயிலில் இருந்த மறைநூல் போதகர்கள். நாசரேத்து என்ற சிற்றூரிலிருந்து வந்த பன்னிரண்டு வயதுத் தச்சன் மகன் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறான். "சின்னப் பயலுக்கு இங்கே என்ன வேலை" என்று அவனை எழுப்பி விடவில்லை. கேட்க விட்டார்கள், பதில் சொல்ல விட்டார்கள். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிற எங்களுக்கும் அதில் பாடம் இருக்கிறது.

பிள்ளை ஒரு சங்கதியைச் சொல்ல வரும்போது, நம்முடைய முதல் வார்த்தை என்ன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஏனென்றால் இது உயிர்ப் பிரச்சினை.

மார்க்கை எடுத்துக்கொள்வோம். மே மாதம் தேர்வு முடிவு வரும்போது, தமிழகம் முழுவதும் சில வீடுகளில் பிள்ளையைப் பறிகொடுத்த செய்தியும் சேர்ந்து வருகிறது. மதிப்பெண் பந்தயம் பிள்ளைகளை நசுக்குகிறது என்றுதான் 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது. அரசு நிறுத்தியதை நாம் நிறுத்தவில்லை. "சித்தப்பா மகனைப் பாரு" என்று தெருவுக்கொரு ரேங்க் லிஸ்ட் வைத்திருக்கிறோம். தோற்ற பிள்ளைக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு. சில வாரங்களில் எழுதித் தேறி, அந்த ஆண்டே மேற்படிப்பில் சேரலாம். இது பிள்ளைக்குத் தெரிந்திருந்தாலும், முடிவு வருகிற அன்று மனத்தில் நிற்காது. தேர்வுக்கு முன்பே, ஒரு சாதாரண நாளில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மார்க்கு குறைஞ்சாலும் நேரா வீட்டுக்கு வந்துரு, பார்த்துக்கிடலாம்" என்று தகப்பன் வாயால் அது சொல்லப்பட்டிருக்க வேண்டும். முடிவு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் நேரம் தவறிவிடலாம். பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், "நான் இல்லாட்டா உங்களுக்கு நிம்மதி" என்ற மாதிரிப் பேசினால், அதை நாடகம் என்று தள்ளிவிடக் கூடாது. தனியே விடாமல் கூடவே இருக்க வேண்டும். 14416 என்ற எண்ணில் மன நல ஆலோசனை இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

இரண்டாவது, சொல்லவே கூசுகிற சங்கதி. ஒரு பெண் பிள்ளையோ ஆண் பிள்ளையோ, "அந்த மாமா வீட்டுக்கு நான் போகலை" என்கிறது. "ஏன்" என்றால் பதில் இல்லை. நாம், "பெரியவங்களைப் பத்தி அப்படிச் சொல்லக் கூடாது, போயிட்டு வா" என்கிறோம். அந்த ஒரு வார்த்தையில் கதவு அடைபட்டுவிடுகிறது. தவறான எண்ணத்தோடு பிள்ளையைத் தொடுகிறவர்கள் பெரும்பாலும் அன்னியர்கள் அல்லர். பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், வீட்டுக்கு வந்து போகிறவர்கள். பிள்ளை இப்படி ஒன்றைச் சொன்னால், முதல் வார்த்தை, "நீ சொன்னதை நம்புறேன், உன் மேல தப்பு இல்லை" என்பதாக இருக்க வேண்டும். "நீ ஏன் அங்க போன? முன்னமே ஏன் சொல்லலை?" என்பதெல்லாம் அந்தப் பிஞ்சைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற கேள்விகள்.

குடும்ப மானம் போய்விடும் என்று இதை மூடி வைக்கிறவர்கள் உண்டு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இப்படி ஒன்று நடந்தது என்று அறிந்தவர் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியது கடமை. தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். பிள்ளையின் பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போடக் கூடாது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயோ, பிள்ளை விரும்புகிற வேறிடத்திலேயோ, அதிகாரி சீருடை இல்லாமல் வந்து, கூடிய மட்டும் பெண் அதிகாரியே வந்து எழுத வேண்டும். இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. 1098 என்ற எண்ணில் பிள்ளையே கூப்பிட்டு உதவி கேட்கலாம். தவறு செய்தவர் உறவினர், ஆசிரியர், கோயில் பணியில் இருப்பவர் என்று யாராக இருந்தாலும் இதே முறைதான். திருச்சபைக்குள்ளும் மூடி மறைத்தல் ஆகாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019-ஆம் ஆண்டில் உலகம் முழுவதற்கும் சட்டம் செய்தார். யூபிலி மலரில் இது எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். பிள்ளைகளைக் கையில் ஏந்தி ஆசீர்வதித்த ஆண்டவரின் கோயிலில் இதைப் பேசாமல் வேறெங்கே பேசுவது?

போனைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். சாப்பிடும்போது போன் வேண்டாம் என்றால் அது அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

"இதெல்லாம் சரி, பேச நேரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். தொன் போஸ்கோவை நினைத்துக்கொள்ளுங்கள். 1906-ஆம் ஆண்டில் தஞ்சாவூருக்கு வந்த சலேசியக் குருக்களால் தமிழ்நாட்டில் நன்கு அறிமுகமானவர் அவர். தூரின் நகரில் 1847-ஆம் ஆண்டில் அனாதைச் சிறுவன் ஒருவனைத் தம் வீட்டில் தங்க வைத்தபோது, அவருடைய தாய் மார்கரீத்தா அவனுக்குச் சோறு போட்டு, படுக்கை விரித்துக் கொடுத்து, தூங்கும் முன் அன்பாக நாலு வார்த்தை சொன்னார். அதிகம் படிப்பில்லாத கிராமத்துத் தாய் அவர். அந்தப் பழக்கம்தான் பிறகு சலேசிய இல்லங்கள் எல்லாவற்றிலும் இரவு செபத்துக்குப் பின் சொல்லப்படும் சிற்றுரையாக நிலைத்துவிட்டது. ஐந்து நிமிடத்துக்கு மேல் போவதில்லை. 1884-ஆம் ஆண்டில் ரோமையிலிருந்து தொன் போஸ்கோ எழுதிய கடிதத்தில் ஒரு நுட்பத்தையும் சொன்னார். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுகிறோம் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்றார். நாம் தறியில் நின்று, பூக்கட்டிச் சம்பாதித்துப் போடுகிற சோற்றில் நம் அன்பு இருக்கிறது. ஆனால் சோறு வாய் திறந்து பேசாதே! அன்பு இருக்கிறது என்று நாம்தாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் குடும்பச் செபமாலை இன்னும் நிற்கவில்லை. செபம் முடிந்ததும் பிள்ளைகள் தோத்திரம் சொல்லிப் பெற்றோரிடம் சிலுவை வாங்குகிற வழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. அந்தச் சிலுவை போடும் நேரத்திலேயே ஒரு கேள்வி போதும். மார்க்கைப் பற்றிய கேள்வி வேண்டாம். "இன்னைக்கு உனக்கு எது சந்தோஷம், எது கஷ்டம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். முதல் பத்து நாள் "ஒண்ணுமில்லை" என்றுதான் வரும். வரட்டும்.

கை வேலையாக இருக்கும்போதும் பேசலாம். சொல்லப்போனால் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுதான் வசதி. முகத்துக்கு முகம் பார்த்தால் பேச்சு வராது. பூக்கட்டும்போதும், உளுந்து புடைக்கும்போதும், பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போதும், கரண்ட் போய்த் தறி நின்ற நேரத்திலும் எத்தனையோ சங்கதிகள் தாமாக வரும். வெளியூரில் இருக்கும் தகப்பன்மார் ஞாயிறு தோறும் போனில், "சாப்பிட்டியா, படிக்கியா, அம்மாகிட்ட குடு" என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அதற்கு முன் தாங்கள் அன்றைக்குப் பார்த்த வேலை, சமைத்த சமையல், உடன் தங்கியிருப்பவர் சொன்ன கதை ஒன்றைச் சொல்லிப் பார்க்கட்டும். தன் கதையைச் சொல்லாத தகப்பனுக்குப் பிள்ளை மட்டும் எப்படித் தன் கதையைச் சொல்லும்? குடும்பத்தின் வரவு செலவையும், கடனையும்கூட, வயதுக்குத் தக்கபடி பிள்ளைகளுக்குச் சொல்லுவது நல்லது என்பது எங்கள் எண்ணம். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

"எங்க அய்யா அடிச்சுத்தான் வளர்த்தாரு, நாங்க கெட்டா போயிட்டோம்?" என்று பெரியவர்கள் கேட்பது காதில் விழுகிறது. கெட்டுப் போகவில்லை, உண்மைதான். அந்த அய்யாவிடம் பயமில்லாமல் ஒரு வார்த்தை பேசியது உண்டா என்று மட்டும் அவர்களைத் திருப்பிக் கேட்கிறோம். பள்ளிக்கூடத்தில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்து, அது 2010-ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. வீட்டுக்கு மட்டும் விதிவிலக்கு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

திருத்தந்தை பிரான்சிஸ் குடும்பங்களுக்கு அடிக்கடி சொல்லிவந்த மூன்று வார்த்தைகள் உங்களுக்கு நினைவிருக்கும். அனுமதி கேட்பது, நன்றி சொல்லுவது, மன்னிப்புக் கேட்பது. கணவன் மனைவிக்குள் இவற்றைப் பழக வேண்டும் என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்றால் மட்டும் தொண்டையில் அடைக்கிறது. கேட்டுப் பார்த்த பெற்றோர் நம் பங்கிலேயே சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் யாரும் அதனால் மரியாதை குறைந்து நடக்கவில்லை.

நேரமாகிவிட்டது. இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்களும் இருக்கிறீர்கள். இனிக் கேள்விகளுக்கு இடம் கொடுக்கிறோம். இந்தக் கூட்டத்துக்குப் பிள்ளைகளும் வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மைக்கை முதலில் அவர்களிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அவர்கள் கேட்கிற வரை பெரியவர்கள் யாரும் எழுந்திருக்க வேண்டாம்.